அரையாண்டு விடுமுறைக்குள் டான்சில் அறுவை சிகிச்சையை முடித்துக்கொள்ள இயலுமா?

பொருநைக்கரை ஆசிரியை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 31. திருநெல்வேலிக்கு அருகில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். சென்ற ஆண்டு ஐந்து முறை, இந்த ஆண்டு இதுவரை ஆறு முறை, காய்ச்சலும் கழுத்தில் நெறிக்கட்டுமாகத் தொண்டை வீங்கி, எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் படுத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் ஆன்டிபயாடிக், நான்கு நாள் விடுப்பு, இரண்டு மாதம் கழித்து மீண்டும் அதே கதை. ஐப்பசி அடைமழையின்போது இடப்பக்க டான்சிலைச் சுற்றிச் சீழ் கட்டிக்கொண்டு, வாயை இரண்டு விரல் அளவுக்குக்கூடத் திறக்க முடியாமல் போய்விட்டது. மருத்துவமனையில் ஊசி வைத்துச் சீழை உறிஞ்சி எடுத்த பிறகுதான் தண்ணீரே இறங்கியது.

புண் நன்றாக ஆறியதும் இரண்டு டான்சில்களையும் எடுத்துவிடுவதே நல்லது என்று காது மூக்கு தொண்டை மருத்துவர் கூறியிருக்கிறார். எங்களுக்கு டிசம்பர் 24 முதல் ஜனவரி 1 வரை அரையாண்டு விடுமுறை. 24ஆம் தேதி காலையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, ஜனவரி 2 அன்று பள்ளிக்குச் சென்றுவிடலாம் என்று திட்டமிட்டிருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்குப் பொதுத்தேர்வு நெருங்குவதால் அதற்கு மேல் விடுப்பு எடுக்க மனம் வரவில்லை.

என் தாயாருக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. இந்த வயதில் டான்சிலை எடுத்தால் குரல் கெட்டுவிடும், எதிர்ப்புச் சக்தி போய்விடும் என்று அஞ்சுகிறார். சுண்ணாம்பையும் தேனையும் குழைத்து இரவுதோறும் என் கழுத்தில் தடவிவிடுகிறார். குரலை நம்பிப் பிழைப்பவள் என்பதால் எனக்கும் உள்ளூர அச்சம் இருக்கிறது. பெரியவரான பிறகு இந்தச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் தங்கள் அனுபவத்தைக் கூறினால் மிகவும் உதவியாக இருக்கும். ஒன்பது நாள் போதுமா? எத்தகைய வலி? எதைச் சாப்பிட்டீர்கள்?

நொய்யல் வாசி

சகோதரி, முதலில் உங்கள் நேரடிக் கேள்விக்கு விடை: ஒன்பது நாள் போதாது. நான் 34 வயதில் கோவையில் இந்தச் சிகிச்சை செய்துகொண்டேன். நானும் பத்து நாள் விடுப்புதான் சொல்லியிருந்தேன். பதினேழாம் நாள்தான் வேலைக்குப் போனேன், அன்றும் மாலைவரை தாக்குப்பிடிக்க முடியவில்லை.

இதில் நம்மை ஏமாற்றுவது முதல் இரண்டு நாள்கள்தான். அறுவை முடிந்து கண்விழித்தபோது தொண்டையில் ஏதோ பெரிய உருண்டை அடைத்திருப்பதைப் போல இருந்தது, எச்சிலில் சிறிது இரத்தச் சாயல் தெரிந்தது, அவ்வளவுதான். அன்று மாலையே ஐஸ்கிரீம் சாப்பிட்டேன், மறுநாள் பாலில் ஊறவைத்த இட்லி இரண்டு இறங்கியது. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை ஆண்டு பயந்தோம் என்று மனைவியிடம் கூறியது நினைவிருக்கிறது. மூன்றாம் நாளிலிருந்து வலி ஏறத் தொடங்கியது. ஐந்தாம், ஆறாம், ஏழாம் நாள்கள்தான் உச்சம். விழுங்கும்போது தொண்டையில் வலிப்பதைவிடக் காதுக்குள் கம்பியைச் செருகுவது போல வலித்தது. காதில் சீழ் பிடித்துவிட்டதோ என்று பயந்து மருத்துவரிடம் ஓடினேன். காதில் ஒன்றுமில்லை, டான்சில் இருந்த இடத்துக்கும் நடுக்காதுக்கும் ஒரே நரம்பின் கிளைகள் செல்வதால் அங்குள்ள வலி இங்கே தெரிகிறது என்று அவர் விளக்கிய பிறகுதான் நிம்மதியானது. கொட்டாவி விடுவதுகூட அந்த வாரத்தில் தண்டனையாக இருந்தது.

நான் செய்த பெரும் பிழை நான்காம் நாள் நடந்தது. விழுங்க வலிக்கிறதே என்று அன்று முழுவதும் தண்ணீரே குடிக்காமல் இருந்துவிட்டேன். இரவு வாயைத் திறந்தபடி தூங்கியதில் தொண்டை வறண்டு, விடியற்காலையில் எழுந்தபோது உள்ளே காய்ந்த தோல் பாளம் பாளமாக வெடித்தது போன்ற வலி. பேச்சு வரவில்லை, சிறுநீர் மஞ்சளாகிவிட்டது, குளுக்கோஸ் ஏற்ற வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு மிடறு என்று கணக்காகக் குடித்தேன். இரவு இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, வலி மாத்திரையைப் போட்டு, அரை டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தேன். காலை வலி பாதியாகக் குறைந்ததற்கு இந்த இரவுப் பழக்கம்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்வேன். வலி வந்த பிறகு மாத்திரையைத் தேடாதீர்கள். வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எழுதித் தந்த நேரத்துக்குப் போட்டுவிடுங்கள். மாத்திரை போட்டு அரை மணி நேரம் கழித்துச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் விழுங்குவது சற்று எளிதாக இருக்கும்.

உணவைப் பொறுத்தவரை, எனக்குக் கைகொடுத்தவை ஆறவைத்த கேழ்வரகுக் கூழ், குழைய வடித்த சோற்றில் மோர் விட்டுப் பிசைந்தது, இளநீர், பாலில் ஊறிய இட்லி ஆகியவை. சட்னி, ரசம், எலுமிச்சை, தக்காளி எதுவும் வேண்டாம். ஒரு தேக்கரண்டி ரசம் பட்டதற்கே கண்ணில் நீர் வந்துவிட்டது. முறுக்கு, தோசையின் முறுகல் ஓரம் போன்றவை புண்ணைக் கீறும் என்பதால் இரண்டு வாரம் தொடவில்லை. எடை நான்கு கிலோ குறைந்தது, அடுத்த மாதமே திரும்பிவிட்டது. நாக்கின் ஒரு பக்கம் சில வாரம் மரத்தாற்போல இருந்து, உணவின் சுவை சற்றே மாறித் தெரிந்தது. வாயைத் திறந்து வைக்கும் கருவி நாக்கை அழுத்துவதால் சிலருக்கு அப்படி ஆவதுண்டு என்றார்கள்; தானாகவே சரியாகிவிட்டது.

இது நடந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அதன்பின் சளி பிடித்திருக்கிறது, தொண்டை கரகரத்திருக்கிறது. ஆனால் காய்ச்சலோடு படுக்கையில் விழுந்தது ஒருமுறைகூட இல்லை.

வைகைச் செவிலி

அன்புள்ள ஆசிரியைக்கு வணக்கம். மதுரையில் காது மூக்கு தொண்டைப் பிரிவின் வார்டில் 14 ஆண்டுகளாகச் செவிலியாகப் பணிபுரிகிறேன். நண்பர் கூறியவை அனைத்தும் நான் நாள்தோறும் பார்ப்பவை. அவை ஏன் நடக்கின்றன என்பதையும் தெரிந்துகொண்டால் வீட்டில் வீண் பதற்றம் இருக்காது.

முழு மயக்கம் கொடுத்து, மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்திய பிறகு, வாய் வழியாகவே டான்சில்களை எடுக்கிறார்கள். வெளியில் வெட்டுக் காயம் ஏதும் இருக்காது. பெரும்பாலும் முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கத்தி, கத்தரி கொண்டு பிரித்தெடுப்பது பழைய முறை; மின்சூட்டால் எடுப்பதும், கோப்ளேஷன் என்னும் குறைந்த வெப்பமுள்ள கருவியால் எடுப்பதும் இப்போது பரவலாக உள்ளன. எம்முறையில் எடுத்தாலும் அந்தக் குழியை மூடித் தைப்பது வழக்கமில்லை. தொண்டைத் தசையின் மேல் தோல் போர்த்தாத புண்ணாக அது திறந்தே கிடந்து, அடியிலிருந்து மெல்ல ஆறி வரவேண்டும். ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் அசைகிற தசை அது என்பதால்தான் இவ்வளவு வலி.

இரண்டாம் நாளிலிருந்து அந்தக் குழிகளில் வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ பாலாடை போன்ற ஒரு படலம் படியும். கைவிளக்கை அடித்துக் கண்ணாடியில் பார்க்கிறவர்கள் சீழ் பிடித்துவிட்டது என்று அலறிக்கொண்டு தொலைபேசியில் அழைப்பார்கள். அது சீழ் அல்ல. முழங்காலில் சிராய்த்த இடத்தில் பொருக்கு கட்டுகிறதே, அதன் ஈரமான வடிவம்தான். வாயில் துர்நாற்றமும் அதனால்தான் வருகிறது. அதைத் துடைக்கவோ, விரலால் சுரண்டவோ, தொண்டையில் களகளவென்று வேகமாகக் கொப்பளிக்கவோ கூடாது.

இந்தப் பொருக்கு ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் உதிரத் தொடங்கும். நீங்கள் பள்ளிக்குத் திரும்ப எண்ணியிருக்கும் ஜனவரி 2 சரியாக இந்தக் காலத்துக்குள்தான் விழுகிறது. பொருக்கு உதிரும்போது அடியில் உள்ள சிறிய இரத்தக் குழாய் திறந்துகொண்டால் இரத்தம் கசியும். அறுவை முடிந்த முதல் 24 மணி நேரத்தில் வருவது ஒரு வகை. அப்போது நீங்கள் எங்கள் கண்ணெதிரிலேயே இருப்பீர்கள். இரண்டாவது வகை வீட்டில் இருக்கும்போது வருவது என்பதால் அதைத்தான் நோயாளியிடம் மூன்று முறை சொல்லி அனுப்புவோம். பிரிட்டனில் 2003, 2004ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 34,000 நோயாளிகளை வைத்து எடுத்த ஒரு பெரிய கணக்கெடுப்பில், நூற்றுக்கு மூன்று அல்லது நான்கு பேருக்கு இரத்தக் கசிவு ஏற்பட்டது. அதற்காக மீண்டும் அறுவை அரங்குக்குச் செல்ல நேர்ந்தது நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. குழந்தைகளைவிடப் பெரியவர்களுக்கு இது சற்று அதிகமாகவே நேர்கிறது.

எச்சிலில் இளஞ்சிவப்புக் கோடு தெரிந்தால் அமைதியாக உட்கார்ந்து, குளிர்ந்த தண்ணீரை வாயில் வைத்திருந்து துப்புங்கள். தனிச் சிவப்பாக இரத்தம் வந்தாலோ, கட்டிகட்டியாக வந்தாலோ, ஒரு தேக்கரண்டிதானே என்று காத்திருக்க வேண்டாம். மல்லாந்து படுக்காமல், முன்பக்கம் குனிந்து உட்கார்ந்தபடி, இரத்தத்தை விழுங்காமல் துப்பிக்கொண்டே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். நின்றுவிட்டாலும் வந்து காட்டுவதே நல்லது, ஏனெனில் முதலில் சிறிதாக வந்து நின்று, சில மணி நேரம் கழித்துப் பெரிதாக வருவதுண்டு. ஆகவே இரண்டு வாரத்துக்கு இரவிலும் ஈ.என்.டி. மருத்துவர் கிடைக்கும் ஊரைவிட்டு வெளியே செல்லாதீர்கள். கிராமத்துக்குப் போய் ஓய்வெடுக்கிறேன் என்று கூறுபவர்களை நான் விடுவதே இல்லை.

உங்கள் தாயாரின் அச்சத்துக்கு ஒரு சொல். நோய்க்கிருமிகளைத் தடுக்கும் வகைத் திசு தொண்டையைச் சுற்றி ஒரு வளையமாக இருக்கிறது. மூக்கின் பின்புறம் அடினாய்டு, நாக்கின் அடியில் ஒரு பகுதி, இருபுறமும் டான்சில்கள். டான்சில்களை எடுத்த பின்னும் மற்றவை இருக்கின்றன, உடலெங்கும் நிணநீர்க் கணுக்களும் இருக்கின்றன. மீண்டும் மீண்டும் சீழ் பிடிக்கும் டான்சில் காவல் காப்பதைவிடக் கிருமிக்கு வீடாக இருப்பதே அதிகம். குரலைப் பொறுத்தவரை, ஒலியை எழுப்பும் குரல்நாண்கள் இன்னும் கீழே குரல்வளையில் உள்ளன. அவற்றை இந்த அறுவை தொடுவதில்லை. வீக்கத்தினால் முதல் இரண்டு மூன்று வாரங்கள் மூக்கால் பேசுவது போல ஒலிக்கும். மிகப் பெரிய டான்சில்களை எடுத்தவர்களுக்கு ஒலியின் நிறம் சற்று மாறலாம். ஆனால் புண் ஆறாத தொண்டையோடு நாற்பது மாணவர்களுக்கு நடுவில் உரத்த குரலில் செய்யுளை ஓதுவது வேறு சங்கதி. அதை மூன்று வாரத்துக்கு அனுமதிக்க மாட்டேன்.

அறுவைக்கு முன்பு ஆஸ்பிரின், மீன் எண்ணெய் மாத்திரை, நாட்டு மருந்து எதை உட்கொண்டாலும் மறைக்காமல் மருத்துவரிடம் கூறிவிடுங்கள். பல் எடுத்தபோது இரத்தம் நிற்காமல் வந்ததா, மாதவிலக்கு மிகுதியாக வருமா என்று கேட்டால் அதற்கும் உண்மையான பதிலைக் கூறுங்கள். சுண்ணாம்புப் பூச்சை அறுவைக்குச் சில நாள் முன்பே நிறுத்திவிடுங்கள். கழுத்துத் தோல் வெந்து போயிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மருந்தியல் மாணவன்

இந்த அறுவை உண்மையிலேயே தேவைதானா என்னும் கேள்வியை ஒருவரும் எழுப்பவில்லை என்பதால் சுருக்கமாக எழுதுகிறேன். ஓராண்டில் ஏழு முறை, அல்லது அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் ஆண்டுக்கு ஐந்து முறை, அல்லது மூன்று ஆண்டுகளில் ஆண்டுக்கு மூன்று முறை கடுமையான தொண்டை அழற்சி வந்திருந்தால் டான்சிலை எடுப்பதைப் பரிசீலிக்கலாம் என்பது பல நாட்டு மருத்துவர்கள் பின்பற்றும் அளவுகோல். அமெரிக்காவில் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு ஒன்றிலிருந்து 1984இல் பிறந்த கணக்கு இது. ஆசிரியை இரண்டாவது வரையறைக்குள் வருகிறார்; போதாததற்குச் சீழ்க்கட்டியும் வந்திருக்கிறது.

பெரியவர்களுக்குப் பயன் உண்டா என்பதை அறிய பிரிட்டனில் 27 மருத்துவமனைகளில் 453 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. இரண்டு ஆண்டுகளில் தொண்டை வலியோடு கழிந்த நாள்கள், உடனே அறுவை செய்துகொண்டவர்களுக்கு இடைநிலை மதிப்பாக (பாதிப் பேருக்கு இதைவிடக் குறைவு, பாதிப் பேருக்கு இதைவிட அதிகம்) 23, காத்திருந்தவர்களுக்கு 30. குறைகிறது என்பது உறுதி. அடியோடு ஒழிகிறது என்று எண்ணிக்கொண்டு செல்ல வேண்டாம்.

மருத்துவக் காப்பீடு வைத்திருந்தால் விதிமுறையைப் படித்துப் பாருங்கள். பல பாலிசிகளில் டான்சில் அறுவைக்கு இரண்டு ஆண்டுக் காத்திருப்புக் காலம் உண்டு.

இரண்டு பிள்ளைகளின் தாய்

குழந்தைக்காக இந்தப் பக்கத்தைத் தேடி வருவோருக்கு மட்டும் சில வரிகள். என் ஆறு வயது மகனுக்குக் குறட்டையும் உறக்கத்தில் மூச்சுத் தடைபடுவதும் இருந்ததால் டான்சிலோடு அடினாய்டையும் எடுத்தார்கள். பெரியவர்கள் எழுதியிருக்கும் அளவுக்கு அவன் துன்பப்படவில்லை. எட்டாம் நாளே தம்பியோடு ஓடத் தொடங்கிவிட்டான். பிடித்து உட்காரவைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. உறங்கும் குழந்தை அடிக்கடி எதையோ விழுங்கிக்கொண்டே இருந்தால் விளக்கைப் போட்டு வாயைப் பாருங்கள், இரத்தத்தை விழுங்குவதாக இருக்கலாம் என்று செவிலியர் கூறியதை எழுதி வைத்துக்கொண்டோம். ஆடும் பால் பல் இருந்தால் மயக்க மருந்து கொடுப்பவரிடம் முன்பே காட்டிவிடுங்கள். வீட்டில் பழைய இருமல் மருந்து இருந்தால் கொடுக்காதீர்கள். கோடீன் கலந்த மருந்தை டான்சில் எடுத்த குழந்தைகளுக்குத் தரக்கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013இலேயே கடும் எச்சரிக்கை விடுத்திருக்கிறது. ஆஸ்பிரினும் கூடாது.

பொருநைக்கரை ஆசிரியை

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. செவிலி அம்மையார் எழுதியதைத் தாயாருக்கு வாசித்துக் காட்டினேன். குரல்நாண் வேறிடத்தில் இருக்கிறது என்பதைக் கேட்டபின் முகம் தெளிந்தது. தலைமையாசிரியரிடம் பேசி, அரையாண்டு விடுமுறையோடு மருத்துவ விடுப்பையும் சேர்த்துப் பொங்கல் வரை எடுத்துக்கொண்டேன். பன்னிரண்டாம் வகுப்பை உடன் பணிபுரியும் ஆசிரியர் ஒருவர் பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டார். ஒரு கேள்வி மட்டும் மீதமிருக்கிறது: மயக்க மருந்துக்கு முன் எவ்வளவு நேரம் வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும்?

வைகைச் செவிலி

திட உணவும் பாலும் ஆறு மணி நேரத்துக்கு முன்பு, வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரத்துக்கு முன்பு என்பது பொதுவான கணக்கு. பால் கலந்த காபி தண்ணீர்க் கணக்கில் சேராது. உங்கள் மருத்துவமனையில் கூறும் நேரம் இதைவிடக் கூடுதலாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

பொருநைக்கரை ஆசிரியை

இன்று பொங்கல் முடிந்து இரண்டு நாள் ஆகிறது. இதே நிலையில் இருக்கும் வேறொருவருக்குப் பயன்படும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

டிசம்பர் 24 காலை அறுவை நடந்தது, மறுநாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். நொய்யல் வாசி எழுதியவாறே முதல் இரண்டு நாள் எளிதாகக் கழிந்தது. ஆறாம் நாள் காது வலியில் அழுதேன். ஆனால் அது எதனால் வருகிறது என்று தெரிந்திருந்ததால் பயம் இல்லை. சொம்பும் அலாரமும் எனக்கும் துணையிருந்தன. உள்நாக்கு வீங்கி, நாக்கின் மேல் கிடப்பது போன்ற உணர்வு நான்கு நாள் இருந்தது.

ஜனவரி 2, விடியற்காலை மூன்றரை மணி. தண்ணீர் குடிக்க எழுந்தபோது வாயில் இரும்புச் சுவை தெரிந்தது. வாஷ்பேசினில் துப்பினால் தனிச் சிவப்பு. தாயார் தலையைப் பிடித்துக் குனிய வைத்தார், என் தம்பி ஆட்டோவை அழைத்தான். வழியெல்லாம் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் துப்பிக்கொண்டே சென்றேன். மருத்துவமனையை அடைந்தபோது ஏறத்தாழ அரை டம்ளர் சேர்ந்திருந்தது. அங்கே வலப்பக்கக் குழியில் இருந்த இரத்தக்கட்டியை எடுத்துவிட்டு, ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த நீரால் மெதுவாகக் கொப்பளிக்க வைத்து, கையில் ஊசி மருந்து ஏற்றினார்கள். கசிவு நின்றுவிட்டது. மறுபடி அரங்குக்குப் போகவேண்டிய தேவை வரவில்லை. ஒரு நாள் முழுவதும் படுக்கவைத்துக் கவனித்துவிட்டு அனுப்பினார்கள். என் பழைய திட்டப்படி நடந்திருந்தால், அன்று காலை ஒன்பதரை மணிக்கு முதல் பாடவேளையில் நின்றிருப்பேன்.

பதினொன்றாம் நாளிலிருந்து வலி இறங்கத் தொடங்கி, பதினைந்தாம் நாள் மாத்திரை இல்லாமல் உறங்கினேன். பொங்கலன்று சர்க்கரைப் பொங்கலும், மிளகை ஒதுக்கிவிட்டு வெண்பொங்கலும் உண்டேன். நேற்று மாலை வீட்டுக் கூடத்தில் நின்று, வகுப்பில் ஓதுவது போலவே குறள்கள் பத்தை ஓதிப் பார்த்தேன். மூக்கொலி இன்னும் சிறிது மீதம் இருக்கிறது. தாயார் சமையலறையிலிருந்து கேட்டுவிட்டு, குரல் அப்படியேதான் இருக்கிறது என்றார். திங்கட்கிழமை பள்ளிக்குச் செல்கிறேன். முதல் வாரத்துக்கு ஒலிபெருக்கி ஒன்றை இரவல் வாங்கியிருக்கிறேன்.